மேக் அப்: ஒரு ஃப்ரேசல் வெர்புக்கு எத்தனை பொருள், எத்தனை மாற்றுச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்துக்குப் போடும் மேக்கப் தமிழில் கலந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலப் பத்தி ஒன்றில் 'மேக் அப்' வந்தவுடன் மனம் பவுடரையும் கண்ணாடியையும் தேடிப் போகிறது. அந்தப் பத்தியோ காற்றில் எத்தனை சதவீதம் நைட்ரஜன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் கற்பவர்கள் இந்த வினையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

'மேக்' தெரியும், 'அப்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஏன் பிடிபடவில்லை?

சேர்ந்த பிறகு அது இரண்டு சொல் அல்ல, ஒரே சொல். தமிழிலும் இப்படித்தான். 'சாவியைக் கண்டுபிடித்தேன்' என்கிறோம். முதலில் கண்டேன், பிறகு கையால் பிடித்தேன் என்று யாரும் பிரித்துப் பொருள் கொள்வதில்லை. 'கைவிட்டான்' என்றால் கையைக் கீழே விட்டான் என்று அர்த்தமில்லை. 'காலை வாரினான்' என்றால் உண்மையில் யாருடைய காலையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் இவை நமக்குக் கடினமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1755ல் வெளியான தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இந்த வகை வினைகளைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்பது அவர் கருத்து. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் நிலைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1925ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் எழுதியபோது. அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் மொழி அறிஞர் ஹென்றி பிராட்லி என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இது குழப்புகிறதே என்று நொந்துகொள்ள வேண்டாம். குழப்பும் என்று அகராதிக்காரரே அன்றைக்கே எழுதிவிட்டார்.

ஒரே வினைக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

'அப்' என்றால் மேலே என்று மட்டும் நினைத்தால் வழி தவறிவிடும். பல வினைகளில் அது 'முழுக்க', 'மிச்சமில்லாமல்' என்ற பொருளைத் தருகிறது. 'ட்ரிங்க் அப்' என்றால் குடித்து முடி. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'ஃபில் அப்' என்றால் நிரப்பு. அந்த வரிசையில் 'மேக் அப்' என்பது இல்லாததையோ சிதறிக் கிடப்பதையோ சேர்த்து ஒரு முழு வடிவத்துக்குக் கொண்டுவருவது.

இதற்கு இணையாகத் தமிழில் ஒரே ஒரு வினையைச் சொல்லச் சொன்னால் 'கட்டு' என்பேன். யோசித்துப் பாருங்கள். கதை கட்டுகிறோம், இட்டுக்கட்டுகிறோம். இழப்பை ஈடுகட்டுகிறோம். ஒரு விஷயத்தில் முடிவு கட்டுகிறோம். பொட்டலம் கட்டுகிறோம். நாடக மேடையில் வேஷம் கட்டுகிறோம். இந்த ஐந்து இடத்திலும் ஆங்கிலம் 'மேக் அப்' என்றே சொல்லும். இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவும் இல்லை. ஆனால் பொய்யையும் பொட்டலத்தையும் ஒரே வினைக்குள் கொண்டுவர இரண்டுக்குமே தோன்றியிருக்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இந்த வினை அந்நியமாகத் தெரிந்ததில்லை.

'ஹீ மேட் அப் அ ஸ்டோரி' என்றால் பொய் சொன்னான் என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. இல்லாத ஒன்றை உருவாக்கிச் சொன்னான் என்பதே அடிப்படைப் பொருள். அது பொய்யா கற்பனையா என்பதைச் சூழல்தான் சொல்லும். தூங்காத குழந்தைக்கு அம்மா அந்த நேரத்துக்குத் தோன்றிய கதையைச் சொன்னாலும் 'மேட் அப் அ ஸ்டோரி'தான். அதில் குற்றம் எதுவும் இல்லை. வேலைக்குத் தாமதமாக வந்தவர் 'மேட் அப் அன் எக்ஸ்க்யூஸ்' என்றால் அங்கே குற்றம் இருக்கிறது.

'லை' என்ற சொல்லோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். 'என் பேனாவை எடுத்தாயா?' என்று கேட்கிறார்கள். எடுத்தவன் 'இல்லை' என்கிறான். அது 'லை'. ஆனால் அவன் எதையும் 'மேக் அப்' செய்யவில்லை. 'இல்லை, நீல சட்டை போட்ட ஒருவர் வந்து எடுத்துப் போனார்' என்று சொல்லி, அப்படி ஒருவர் வரவே இல்லை என்றால் அந்த நீல சட்டைக்காரர் 'மேட் அப்'. இல்லாத ஒன்று புதிதாகப் பிறந்திருக்க வேண்டும்.

மாற்றுச் சொற்களை ஒன்றின் இடத்தில் இன்னொன்று என்று மாட்டிவிட முடியாது. 'இன்வென்ட்' நடுநிலையானது. எஞ்சினையும் கண்டுபிடிக்கலாம், சாக்கையும் கண்டுபிடிக்கலாம். 'ஃபேப்ரிகேட்' கடுமையானது. பொய்ச் சாட்சியம், போலி ஆவணம், ஆய்வில் இல்லாத தரவு ஆகியவற்றைக் குறிக்க எழுதுவார்கள். நண்பர் சொன்ன சின்ன சாக்குக்கு 'ஃபேப்ரிகேட்' போட்டால் வழக்குப் பதிவு செய்வதுபோல் இருக்கும். (இரும்புத் தொழிலில் அதே சொல் தகடுகளை வெட்டி இணைத்துப் பொருள் செய்வதைக் குறிக்கும். அங்கே பொய் எதுவும் கிடையாது.) 'கன்காக்ட்' என்பதில் பலவற்றைக் கலந்து சமைத்த வாடை உண்டு. அதன் பேச்சுவழக்குத் தங்கை 'குக் அப்'. 'ட்ரீம் அப்' கொஞ்சம் விசித்திரமான, யாருக்கும் தோன்றாத யோசனைக்குப் பொருந்தும். முன்தயாரிப்பு இல்லாமல் மேடையில் அப்போதைக்கப்போது வாசிப்பது, பேசுவது என்றால் 'இம்ப்ரொவைஸ்'. பேச்சில் அதை 'மேக் இட் அப் ஆஸ் யூ கோ அலாங்' என்பார்கள்.

'யூ குடின்ட் மேக் இட் அப்' என்ற வாக்கியத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உன்னால் பொய் சொல்ல முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. நடந்தது அவ்வளவு விநோதம், கற்பனையில்கூட யாருக்கும் வராது என்ற வியப்பு அது.

சண்டைக்குப் பிறகு 'தே மேட் அப்' என்கிறார்களே, அது எந்தப் பொருள்?

பழம் விட்டார்கள். சின்ன வயதில் 'காய்' விட்டதற்கு எதிர்ப்பதமாக நாம் சொன்னோமே, கிட்டத்தட்ட அதே உணர்வு. நண்பர்கள், கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று நெருக்கமானவர்களுக்கே இது பெரும்பாலும் வரும். யாரோடு என்று சொல்ல 'வித்' சேர்க்க வேண்டும்: 'ஷீ மேட் அப் வித் ஹர் சிஸ்டர்'.

இதற்கு அகராதி கொடுக்கும் முதல் மாற்று 'ரிகன்சைல்'. பொருள் சரி, எடை வேறு. வருடக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பம், போரிட்ட இரு நாடுகள் என்றால் 'ரிகன்சைல்' கச்சிதம். காலையில் கோபித்து மாலையில் பேசிக்கொண்டவர்களுக்கு அது பெரிய சட்டை. கணக்கு வேலையில் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் 'ரிகன்சைல்'தான். அந்த இடத்தில் 'மேக் அப்' நுழையவே முடியாது. 'பேட்ச் அப்' என்றால் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது. சண்டை ஓய்ந்தது, ஆனால் தையல் தெரிகிறது என்ற சாயல் அதில் இருக்கும். 'செட்டில்' என்பது வழக்கு முடிந்ததைச் சொல்லும். மனம் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது.

'மேக்ஸ் அப் 78 பர்சென்ட்' என்று அறிவியல் பாடத்தில் வருகிறது. அங்கே என்ன?

பகுதிகள் சேர்ந்து முழுமையாவது. 'நைட்ரஜன் மேக்ஸ் அப் அபவுட் 78 பர்சென்ட் ஆஃப் தி ஏர்' என்றால் காற்றில் ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டை 206 எலும்புகள் 'மேக் அப்' செய்கின்றன. திருப்பிப் போட்டால் 'இஸ் மேட் அப் ஆஃப்' வரும்: 'தி ஸ்கெலிட்டன் இஸ் மேட் அப் ஆஃப் 206 போன்ஸ்'. இந்தப் பொருளில் 'இஸ் மேக்கிங் அப்' என்று நிகழ்தொடராக எழுத வேண்டாம். நைட்ரஜன் அங்கே எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை, இருக்கிறது.

மாற்றுச் சொற்களில் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. 'கான்ஸ்டிட்யூட்', 'ஃபார்ம்' இரண்டும் 'மேக் அப்' போலவே நடக்கும். முதலில் பகுதி, பிறகு முழுமை. 'கம்ப்ரைஸ்' நேர் எதிர்த் திசையில் போகும். முதலில் முழுமை, பிறகு பகுதி. 'லெவன் ப்ளேயர்ஸ் மேக் அப் தி டீம்' என்பதை 'தி டீம் கம்ப்ரைசஸ் லெவன் ப்ளேயர்ஸ்' என்று திருப்பித்தான் எழுத வேண்டும். 'இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்' பரவலாகப் புழங்குகிறது. ஆனாலும் கண்டிப்பான பதிப்பாசிரியர்கள் அதை அடித்துவிடுவார்கள். தேர்வில் அதைத் தவிர்ப்பதே நல்லது. 'கன்சிஸ்ட்' என்றால் 'ஆஃப்' கட்டாயம், 'இஸ்' கூடாது.

'அக்கவுன்ட் ஃபார்' புள்ளிவிவரத்துக்கு அருமையான மாற்று. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. எடைக்கு 'மேக்ஸ் அப்' இயல்பாக இருக்கிறது. செலவு, விற்பனை, ஆற்றல் போன்ற கணக்குகளுக்கு 'அக்கவுன்ட்ஸ் ஃபார்' இன்னும் நன்றாக உட்காரும்.

'ஃபார்' சேர்ந்தால் பொருள் மாறுமா?

மாறும். 'மேக் அப் ஃபார்' என்றால் ஈடுகட்டு. உப்புக் குறைந்த குழம்பைச் சூடான அப்பளம் ஈடுகட்டும் என்று நாம் சொல்வதுபோல, ஒரு குறையை வேறொரு நிறைவு சமன் செய்வது. பின்னால் வருவது எப்போதும் குறைதான்: இழப்பு, தாமதம், அனுபவமின்மை. 'ஹர் ஹார்ட் வொர்க் மேக்ஸ் அப் ஃபார் ஹர் லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் அனுபவம் போதாவிட்டாலும் உழைப்பு அதை ஈடுகட்டுகிறது.

'ஃபார்' இல்லாமல் வருவதும் உண்டு. 'மேக் அப் தி டிஃபரன்ஸ்' என்றால் குறைகிற மீதியை இட்டு நிரப்பு. கட்ட வேண்டியது 1,000, கையில் இருப்பது 800, மீதி 200ஐ இன்னொருவர் போடுகிறார் என்றால் அவர் 'மேட் அப் தி டிஃபரன்ஸ்'. தாமதமாகப் புறப்பட்ட விமானம் வேகமாகப் பறந்து நேரத்தைப் பிடித்தால் 'மேட் அப் டைம்'. வெகுநாள் பிரிந்திருந்தவர்கள் ஓயாமல் பேசித் தீர்த்தால் 'மேக்கிங் அப் ஃபார் லாஸ்ட் டைம்'. முன்னது கடிகாரக் கணக்கு. பின்னது விட்டதைப் பிடிக்கும் ஆசை.

மனிதருக்கு ஈடு செய்வதென்றால் 'மேக் இட் அப் டு'. நண்பரின் திருமணத்துக்குப் போக முடியவில்லை, 'ஐ வில் மேக் இட் அப் டு யூ' என்கிறார் ஒருவர். இதற்குச் சேர்த்துவைத்து உனக்கு நல்லது செய்கிறேன் என்ற வாக்கு அது. இங்கே 'டு' போய் 'ஃபார்' வந்தால் ஆள் மாறிக் குறை நுழைந்துவிடும்.

'காம்பென்சேட்' பணமும் சட்டமும் இருக்கும் இடத்துக்கு. 'ஆஃப்செட்' எண்கள் ஒன்றையொன்று சமன் செய்யும் இடத்துக்கு. செய்த தவறுக்கு வருந்திப் பரிகாரம் தேடுவது என்றால் 'அடோன்'. எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இதனுடையது. 'அட் ஒன்', அதாவது 'ஒன்றாக இருத்தல்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது அது. முதலில் அதன் பொருள் சேர்த்துவைப்பது, சமாதானமாவது. பரிகாரம் என்ற பொருள் பிறகு வந்தது. 'மேக் அப்' என்ற வினையில் சமாதானமும் ஈடும் ஏன் அருகருகே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லைக் காட்டுவேன். ஈடு செய்தால்தானே மனம் ஒன்றாகும்?

'மேக் அப் யுவர் மைண்ட்' என்பதற்கும் 'டிசைட்' என்பதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. 'மேக் அப் யுவர் மைண்ட்' என்றாலே அதற்கு முன்னால் ஒரு ஊசலாட்டம் இருந்தது என்று பொருள். இதா அதா என்று இழுத்துக்கொண்டிருப்பவரிடம்தான் அப்படிச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுமையின்மையும் தொனிக்கும். மேலதிகாரியிடம் சொல்லாதீர்கள். 'மை மைண்ட் இஸ் மேட் அப்' என்றால் முடிவு கட்டிவிட்டேன், இனிப் பேச்சில்லை. பலரைச் சொல்லும்போது 'மைண்ட்ஸ்' என்று பன்மை வரும்: 'தே மேட் அப் தேர் மைண்ட்ஸ்'. நீதிமன்றமும் குழுவும் 'டிசைட்' செய்யும், உறுதியோடு சபதம்போல் எடுத்த முடிவு 'ரிசால்வ்'.

மேக்கப், மேக்-அப், மேக் அப்: எப்படி எழுதுவது?

வினையாக இருந்தால் எப்போதும் இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாக இருந்தால் சேர்த்தோ நடுவில் சிறு கோடிட்டோ எழுதலாம். அமெரிக்கர்கள் சேர்த்து எழுதுவார்கள், பிரிட்டனில் கோடு அதிகம். உச்சரிப்பிலும் வேறுபாடு கேட்கும். பெயர்ச்சொல்லில் அழுத்தம் 'மேக்' மீது விழும், வினையில் 'அப்' மீது.

அந்தப் பெயர்ச்சொல்லும் ஒப்பனையோடு நிற்பதில்லை. 'ஜெனடிக் மேக்கப்' என்றால் மரபணு அமைப்பு. 'மரபணு ஒப்பனை' என்று அச்சில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வாசித்தவர் என்ன நினைத்திருப்பார் என்று வருத்தமாக இருந்தது. குழு ஒன்றின் 'மேக்கப்' என்றால் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. ஒருவரின் 'மேக்கப்' அவருடைய சுபாவத்தையும் குறிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் 'மேக்கப் எக்ஸாம்' என்றால் தவறவிட்டதற்குப் பதிலாக எழுதும் தேர்வு.

ஹோட்டல் அறைக் கதவில் 'ப்ளீஸ் மேக் அப் மை ரூம்' என்று அட்டை தொங்குகிறதே?

அறையைச் சுத்தம் செய்து படுக்கையை ஒழுங்குபடுத்துங்கள் என்று பொருள். இது 'தயார் செய்' என்ற கிளை. விருந்தாளிக்கு 'மேக் அப் அ பெட்' என்பார்கள். மருத்துவர் எழுதிய மருந்தைக் கலந்து தருவதும், பொட்டலம் கட்டுவதும், துணியை ஆடையாகத் தைப்பதும் இதில் சேரும்.

'ஸ்டோரி' போன்ற சொல்லை நடுவில் வைக்கலாமா, கடைசியில் வைக்கலாமா?

'மேக் அப் அ ஸ்டோரி', 'மேக் அ ஸ்டோரி அப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' போன்ற சுட்டுச்சொல் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'மேக் இட் அப்'. 'மேக் அப் இட்' தவறு. 'மேக் அப் ஃபார்' பிரியாது. 'மேக் அப் ஃபார் இட்' என்றே எழுத வேண்டும்.

கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் 'மேக் அப்' எழுதினால் தரம் குறையுமா?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நல்லது. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சில் பேசின, கல்வியும் சமயமும் இலத்தீனில் நடந்தன. வீட்டில் பேசிய பழைய சொற்கள் வீட்டிலேயே இருந்தன. 'மேக்', 'அப்' இரண்டும் அந்த வீட்டுச் சொற்கள். 'கான்ஸ்டிட்யூட்', 'காம்பென்சேட்', 'ரிகன்சைல்', 'ஃபேப்ரிகேட்', 'டிசைட்' அனைத்தும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுச் சொல்லின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலத்தீன் சொல் தனியாக வந்து சேர்ந்தது. நம்மிடம் 'ஈடுகட்டு' பக்கத்தில் 'நிவர்த்தி செய்' இருப்பதுபோல.

என் கருத்தைக் கேட்டால்: பகுதி முழுமை என்ற பொருளில் 'மேக் அப்' எந்தக் கட்டுரையிலும் மரியாதையாகவே இருக்கும். அறிவியல் நூல்களே அப்படித்தான் எழுதுகின்றன. ஈடுகட்டும் பொருளில் கடிதத்துக்கு 'காம்பென்சேட் ஃபார்' போடலாம், கட்டாயமில்லை. பொய் என்ற பொருளில் மட்டும் யோசியுங்கள். அறிக்கையில் 'மேட் அப்' என்றால் வாய்ச்சண்டைபோல் தொனிக்கும். அதற்காக 'ஃபேப்ரிகேட்டட்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு, ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

'மேட் அப்' என்றால் மகிழ்ச்சி என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

லிவர்பூல் பக்கத்திலும் அயர்லாந்திலும் உண்மை. 'ஐ ஆம் மேட் அப்' என்றால் எனக்கு ஒரே சந்தோஷம் என்று அர்த்தம். மற்ற இடங்களில் சொன்னால் ஒப்பனை போட்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் 'தே மேட் இட் அப்' என்று மட்டும் ஒரு வாக்கியம் வந்தால் எந்தப் பொருளை எடுப்பது?

அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதை இட்டுக்கட்டினார்கள் என்றும் இருக்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் சமாதானமானார்கள் என்றும் இருக்கலாம், அங்கே 'மேக் அப்' போலவே 'மேக் இட் அப்' என்றும் சொல்வார்கள். முந்தைய வரியில் 'இட்' சுட்டக்கூடிய கதையோ சாக்கோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதல் பொருள். அங்கே இருப்பது சண்டை என்றால், பழம் விட்டுவிட்டார்கள்.